பன்னிரண்டு தாள்களில் அம்மா

அந்தக் கல்லூரியில் ஓவியம் படித்தவர்கள் நிறைய பேர். வரைந்ததை அசைய வைக்கப் படித்தவர்கள் நாங்கள் ஆறு பேர்தான். இங்கிலாந்தின் வடக்கே, ஆலைப் புகையில் கறுத்துப்போன ஒரு நகரம். கலையும் வடிவமைப்பும் கற்றுத்தரும் கல்லூரி அது. நான்காம் மாடியில் எங்களுக்கென்று ஓர் அறை, அதில் ஆறு மேசைகள். ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஒரு கண்ணாடி, அதன் கீழே விளக்கு. ஒரு தாளில் வரைந்து அதன்மேல் இன்னொரு தாளை வைத்தால் கீழே உள்ள கோடு மங்கலாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து மயிரிழை தள்ளி அடுத்த கோட்டைப் போட வேண்டும். நாள் முழுக்க வரைந்தால் திரையில் ஒரு விநாடி ஓடும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த விதத்தில் பெருமைப்பட அதிகம் இல்லை. மலாக்காவில் புலாவ் செபாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான். அவர் திரும்பி வரவில்லை. அம்மா ரப்பர் மரங்களைக் கீறிப் பால் வெட்டி என்னையும் தங்கையையும் வளர்த்தாள். ரயில்வேயில் வேலை பார்த்த மாமா என்னைத் தன் வீட்டில் வைத்து ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார். படிப்பு முடிந்ததும் மலாக்கா டவுனில் அரசாங்கத்தின் செய்தி இலாகா ஒன்றில் சுவரொட்டி வரையும் வேலை கிடைத்தது.

அவசரகாலம் தொடங்கியிருந்தது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுக்காதீர்கள் என்று நான்கு மொழிகளில் எழுதி, பக்கத்தில் படம் போடுவது என் வேலை. இலாகாவின் சினிமா வேன் தோட்டம் தோட்டமாகப் போகும். எழுதப் படிக்கத் தெரியாத சனங்களுக்குச் சித்திரப் படம்தான் புரியும் என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். கற்றுக்கொண்டு வர ஒருவனை அனுப்ப வேண்டும். இலாகாவில் வரையத் தெரிந்த, கல்யாணம் ஆகாத ஆள் நான் ஒருவன்தான். இரண்டு வருடப் படிப்பு. அம்மா கப்பலடிக்கு வழியனுப்ப வரவில்லை. தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை.

முதல் குளிர்காலம் முழுவதும் நான் யாரிடமும் தமிழ் பேசவில்லை. நகரத்தில் தமிழர் ஒருவராவது இருந்திருக்கலாம். என் கண்ணில் படவில்லை. வாடகைக்கு இருந்த வீட்டின் அம்மாள் நல்லவர், காலையில் "குளிர்கிறதா?" என்று கேட்பார், நான் "இல்லை" என்பேன். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். கூடப் படித்த ஐவரும் மாலையில் மதுக்கடைக்குப் போவார்கள். இரண்டு முறை என்னையும் கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் தயங்கினேன். மூன்றாம் முறை கூப்பிடவில்லை. அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்து, மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று வரைந்து பார்ப்பேன். எல்லாரும் நீளமான ஓவர்கோட் போட்டிருந்தார்கள். உள்ளே முழங்கால் எங்கே மடங்குகிறது என்றே தெரியவில்லை.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தமிழில் ஏதாவது சொல்லிப் பார்ப்பேன். ஒருநாள் "பசிக்குதும்மா" என்று வந்தது. உடனே குழாயை மூடிவிட்டேன். யாரோ கேட்டுவிட்டது போல இருந்தது.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் எங்கள் ஆசிரியை ஒரு பயிற்சி கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும், எப்போதும் கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருப்பார். "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை நடக்க வையுங்கள். வேறு எதுவும் வேண்டாம். நடந்தால் போதும். அதுதான் உங்கள் கடைசிப் படம்."

நான் அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். தோளில் காண்டா கம்பு, அதன் இரண்டு முனையிலும் ரப்பர் பால் நிறைந்த வாளிகள், மர வரிசைக்கு நடுவே பால் ஸ்டோரை நோக்கி நடக்கிறாள். இரண்டு எட்டு எடுத்து வைக்கப் பன்னிரண்டு தாள்கள். அதையே திரும்பத் திரும்பப் படம் பிடித்தால் அம்மா நடந்துகொண்டே இருப்பாள்.

மூன்று வாரம் அழித்து அழித்து வரைந்தேன். ஆசிரியை தாள்களை விரலால் விசிறிப் பார்த்தார்.

"வாளிகள் காலியா?" என்றார்.

"இல்லை மேடம். நிறைந்திருக்கின்றன."

"எனக்குக் காலியாகத்தான் தெரிகிறது. இந்தப் பெண்ணுக்கு எடையே இல்லை. மிதக்கிறாள். இவரை உனக்கு நிஜமாகவே தெரியுமா?"

தெரியும் என்றுதான் சொன்னேன். மேசைக்குத் திரும்பியதும் யோசித்துப் பார்த்தேன். எந்தத் தோளில் கம்பை வைப்பாள்? எந்தக் கை கம்பைப் பிடிக்கும், எந்தக் கை வீசும்? சின்ன வயது முழுக்கப் பார்த்த காட்சி அது. ஒன்றுமே நினைவில் இல்லை. அம்மா வருகிறாள் என்றால் வீட்டுக்கு ஓடி அடுப்பைப் பற்றவைப்போமே தவிர, அவள் எப்படி நடந்து வருகிறாள் என்று யார் பார்த்தது?

தங்கைக்கு எழுதினேன். அவளுக்கு அப்போது பதினேழு வயது. தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு அதே தோட்டத்தில் புல் வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பேசுவது போலவே எழுதுவாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது.

"அண்ணே, அம்மாகிட்ட சொல்லாமத்தான் பாத்தேன். சொன்னா ஒழுங்கா நடக்காது. கம்பு வலது தோள்ல. வலது கைதான் பிடிக்குது. இடது கை சும்மா வீசுது, ஆனா வீசுறது துடுப்புப் போடற மாதிரி இருக்கு. இதெல்லாம் எழுதிச் சொல்ல முடியல லா. நீ படத்த அனுப்பு. நான் அம்மா பால் வெட்டற வெட்டுக்காட்டுல வெச்சுப் பாத்து, எது தப்புன்னு அதுலயே எழுதி அனுப்பறேன்."

அந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அறையில் என் குரலில் தங்கை பேசினாள். அன்றிலிருந்து அந்த வேலை எனக்குத் துணையாகிவிட்டது. பன்னிரண்டு தாள்களையும் மெல்லிய காகிதத்தில் படியெடுத்தேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டேன். வாளி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று அம்புக்குறிகள். பின்னால் வரும் மரங்களுக்கும் எண்கள். ஓரத்தில் தமிழில் குறிப்புகள்: "மூன்றாம் மரத்தில் வலது கால்", "ஆறில் வாளி உள்ளே வரும்", "பன்னிரண்டில் வெளியே போகும், சரிதானா?" எல்லாவற்றையும் ஓர் உறையில் வைத்துப் புலாவ் செபாங்கில் மாமா வீட்டு முகவரிக்கு அனுப்பினேன்.

இலாகாவில் வேலை பார்த்தவன் நான். தோட்டத்து வாசலில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டாயிற்று. விடிந்ததும் வாசலில் வரிசை நிற்க வேண்டும். ஐசி என்ற அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். வெட்டுக்காட்டுக்கு ஒரு பிடி சோறுகூட எடுத்துப்போகக் கூடாது. காவல்காரர்கள் வாளிக்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். அதைச் சரியென்று சொல்லும் சுவரொட்டிகளை வரைந்தவனே நான்தான். இருந்தும் அந்தத் தாள்களை உறையில் போட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவின் நடை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. மாமா எப்போதும் நலம் விசாரித்துத்தான் தொடங்குவார். இதில் அது இல்லை.

"உன் படத்தோட தங்கச்சி பாப்பாவ தோட்டத்து கேட்டுல புடிச்சுட்டாங்க. லாரியில ஏத்திக் கொண்டு போயிட்டாங்க. எங்கேன்னு தெரியல. இனிமே ஒண்ணும் அனுப்பாதே. கடுதாசியும் போடாதே."

கீழே கையெழுத்து. அவ்வளவுதான்.

கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். எழுதிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் அங்கே எதுவும் நடந்திருக்கலாம். சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவர்களை விசாரணை இல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருந்ததை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். தபால் நிலையத்துக்கு ஓடி மாமாவுக்குத் தந்தி கொடுத்தேன். மலாக்காவில் என் மேலதிகாரிக்கும் ஒரு தந்தி கொடுத்தேன்: அவை கல்லூரிப் பயிற்சிப் படங்கள், தங்கைக்கு ஒன்றும் தெரியாது.

பதில் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். கல்லூரிக்குப் போனேன். விளக்கைப் போட்டுக் கண்ணாடி முன் உட்கார்ந்தேன். தாளில் கை வைக்க முடியவில்லை. பக்கத்து மேசைக்காரன் ஒரு முயலை ஓட வைத்துக்கொண்டிருந்தான். "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். சொல்லத்தான் நினைத்தேன். தோட்டம் என்றால் என்ன, முள்கம்பி ஏன், வாளிக்குள் சோறு இருந்தால் ஏன் தப்பு, ஒரு படத்துக்காக ஏன் ஒரு பெண்ணைப் பிடிப்பார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "ஆமாம், சளி" என்றேன். அவன் எலுமிச்சை போட்டுத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தான். அதை முழுவதும் குடித்தேன்.

பத்தாம் நாள் தந்தி வந்தது. எல்லாரும் நலம். பாப்பா வீட்டில். எழுதாதே. இவ்வளவு வார்த்தைகள்தான். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கார அம்மாள் என்னைத் தாண்டிப் போக முடியாமல் கையில் கரிவாளியோடு நின்றார். எழுந்து வழிவிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

என்ன நடந்தது என்று தெரிய இன்னும் ஏழு வாரம் ஆனது. தங்கை மாமா வீட்டில் இருந்து எழுதியிருந்தாள். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டின் ஒன்பது பக்கம்.

"அண்ணே, படத்தத் தலைத்துணியில சுத்தி வெச்சிருந்தேன். கேட்டுல நின்ன காவக்காரன் அரிசி தேடினான். படம் கெடச்சிச்சு. நம்பரும் அம்புக்குறியும் பாத்துட்டு, காட்டுல இருக்கறவங்களுக்கு வழி காட்டற படம்னு விசில் ஊதிட்டான். லாரியில டவுனுக்குக் கொண்டு போனாங்க. ரெண்டு நாள் வெச்சிருந்தாங்க. அடிக்கல. அத அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், நீயும் நம்பு. ஒரு வெள்ளைக்கார ஆபீசர், சின்ன வயசுதான். நம்ம தோட்டத்துல கணக்கு எழுதற கிராணி ஐயாவக் கூட்டிட்டு வந்து நீ எழுதினத இங்கிலீசுல படிக்கச் சொன்னாங்க. மூணாவது மரத்துல வலது கால், ஆறுல உள்ளே, பன்னெண்டுல வெளியே. படிக்கப் படிக்க ஐயாவுக்கே வேர்த்துப் போச்சு. எந்த மரம் மூணாவது, யாரு உள்ளே வர்றதுன்னு அந்த ஆபீசரு கேட்டுக்கிட்டே இருந்தான். இது எங்கம்மா நடக்கறதுன்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

"மூணாம் நாள் காலையில என்னைத் தோட்டத்துக்கே கொண்டு வந்தாங்க. பால் நிறுக்கற நேரம். ஸ்டோர் முன்னால எல்லாரும் நிக்கறாங்க. அம்மாவக் கூப்பிட்டு, நடன்னாங்க. அம்மா நடந்திச்சு. அண்ணே, அம்மா அந்த மாதிரி நடந்து நான் பாத்ததே இல்ல. மார்ச் பண்ற மாதிரி, கை ரெண்டும் ஒட்டிக்கிட்டு. பயம். ஆபீசரு படத்தப் பாத்தான், அம்மாவப் பாத்தான், தலைய ஆட்டினான். ஒத்துப் போகல.

"எனக்கு உசிரே போச்சு. கிராணி ஐயாகிட்ட கத்தினேன். வெறுங்கையில நடந்தா எப்படிய்யா வரும், படத்துல வாளி இருக்குல்லன்னு. எங்கள மேய்க்கற மண்டோரு ரெண்டு வாளி கொண்டு வந்தாரு. காலி வாளி. அதுலயும் வரல. பால் ஊத்துங்கன்னேன். பக்கத்துல நின்னவங்க அவங்கவங்க பாலை எடுத்து ஊத்தினாங்க. ரெண்டு வாளியும் நெறஞ்சிச்சு. அம்மா கம்பத் தோள்ல வெச்சு எந்திரிச்சுச்சு பாரு, அப்பத்தான் அது அம்மா. அதுக்கப்புறம் ஆபீசரு இருக்கறதே அதுக்கு மறந்து போச்சு.

"ஆறு தடவ நடக்க வெச்சான். ஒவ்வொரு தடவையும் படத்த ஒண்ணொண்ணா மாத்தி மாத்திப் பாத்தான். கடைசியில கிராணி ஐயாகிட்ட என்னமோ சொன்னான். போகலாம்னு ஐயா சொன்னாரு. படத்த மட்டும் திருப்பித் தரல.

"அம்மா ரொம்பக் கோவமா இருக்கு. உம்மேல இல்ல. யாரு மேலன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. அந்தப் படம் இனிமே இந்தக் கேட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுச்சு.

"ஒண்ணு சொல்லணும். அம்மா நடக்கறப்போ உனக்கு வேணுமேன்னு நான் கவனிச்சு வெச்சேன். நீ கால முதல்ல போட்டிருக்கே. அது தப்பு. வாளி முதல்ல கீழ போகுது, அப்புறம் இடுப்பு, அதுக்கப்புறம்தான் கால். ஆறு தடவையும் அப்படித்தான்."

கடிதத்தை மடித்து வைத்தேன். இரண்டு நாள் எங்கேயோ அடைத்து வைத்திருந்த பெண். ஊர் முழுக்க நின்று வேடிக்கை பார்க்க, அம்மாவை ஓர் ஆள் நடக்கச் சொல்கிறான். அந்த நேரத்தில் தங்கை எனக்காக வாளியையும் இடுப்பையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த நடையை வரைவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். அந்த ஸ்டோர் முற்றத்தில், அந்த ஆபீசர் முன்னால் கிடைத்த நடை அது. வேறு யாரையாவது வரையலாம், ரயில் நிலையத்து ஓவர்கோட்டுக்காரர் ஒருவரை வரைந்தாலும் பரீட்சையில் தேறிவிடலாம். ஒரு நாள் காலை யாரும் வருவதற்கு முன் அறைக்குப் போனேன். ஒரு தாளை எடுத்து வாளியை முதலில் வரைந்தேன். பிறகு நிறுத்தவில்லை.

ஆசிரியை புதிய தாள்களை விசிறிப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். "இப்போது எனக்கே தோள் வலிக்கிறது," என்றார். "யாரிடம் கேட்டாய்?"

"என் தங்கையிடம்."

"அவர் ஓவியரா?"

"தோட்டத்தில் புல் வெட்டுகிறாள்."

அவர் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கொண்டையில் இருந்த பென்சிலை எடுத்து, "நல்லது" என்று ஒரு தாளின் மூலையில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். கேட்கக்கூடியவராகத்தான் இருந்தார்.

படம் நாற்பது விநாடி. கல்லூரி மண்டபத்தில் மற்ற ஐந்து படங்களோடு ஓட்டினார்கள். முயலுக்குச் சிரித்தார்கள். என் படத்துக்குக் கைதட்டினார்கள். பல பேர் வந்து கை கொடுத்தார்கள். "எந்த நாட்டு நடனம் அது?" என்று ஒரு பெரியவர் அன்போடு கேட்டார். அறைக்கு வந்து சோறு வடித்துத் தனியாகச் சாப்பிட்டேன். ஊருக்கு எழுதவில்லை. எழுதாதே என்று சொல்லியிருந்தார்களே.

மலாக்காவுக்குத் திரும்பிய முதல் மாதமே மேலதிகாரி படத்தைப் போட்டுப் பார்த்தார். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இதே பெண்மணியை வைத்துக்கொள்வோம். வாளிக்குள் அரிசியை ஒளித்துக் காட்டுக்குக் கொண்டுபோகிறாள், பிடிபடுகிறாள். சரியாக இருக்கும்," என்றார். நான் ஓர் ஆம்பளையை வரைகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். "ஆம்பளை மாட்டிக்கொண்டால்தான் சனங்கள் சிரிப்பார்கள்," என்று ஏதோ சொன்னேன். ஒத்துக்கொண்டார். அந்தப் படத்தை வரைந்து கொடுத்தேன். சினிமா வேன் அதைப் பல தோட்டங்களுக்குக் கொண்டுபோனது. வரைய மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு அப்போது இல்லை. இரண்டு வருடம் கழித்து வேலையை விட்டு விளம்பரப் பலகை எழுதப் போனதை நான் தைரியம் என்று சொல்ல மாட்டேன்.

அம்மாவும் தங்கையும் ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறி டவுனுக்கு வந்தார்கள். தங்கைதான் அடம்பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். நடந்த எதையும் அம்மா பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இலாகாவின் பின்னறையில் ஜன்னல்களைத் துணி போட்டு மறைத்துப் படத்தை ஓட்டினேன். நாற்பது விநாடியும் அம்மா அசையாமல் பார்த்தாள். முடிந்ததும் தங்கை, "பாத்தியா, வாளிதான் முதல்ல போகுது," என்றாள்.

அம்மா என்னிடம் கேட்டாள்: "இவ ஏன்யா தனியாப் போறா?"

எனக்குப் புரியவில்லை.

"வெட்டுக்காட்டுல யாரு தனியாப் போவா? முன்னால ஒருத்தி, பின்னால ஒருத்தி இருப்பாள்ல. பேசிக்கிட்டேதான் வருவோம். அப்பத்தான் கனம் தெரியாது. இவளப் பாரு, வாயே தொறக்கல."

"இன்னொருத்தரையும் வரையணும்னா இன்னும் ஆறு மாசம் ஆகும்மா."

அம்மா வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க உனக்குப் பேச ஆளு இல்லையா?" என்றாள்.

"இருந்தாங்கம்மா."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் துணிகளை அவிழ்த்தேன். பஸ் ஸ்டாண்டு வரை மூவரும் நடந்துபோனோம். பாச்சாங் பக்கம் தங்கைக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருப்பதையும், மண்டோர் பெண்டாட்டிக்கு ரெட்டைப் பிள்ளை பிறந்ததையும், லயத்துக்குப் புதிதாகத் தண்ணீர்க் குழாய் போட்டிருப்பதையும் அம்மா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ் வந்த பிறகும் படியில் நின்றபடி பேசிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் இரண்டு முறை மணி அடித்தான்.